பாலடினுக்குக் கண்ணி வைக்காதீர்கள்: தர்மசங்கடக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை ஆடுகிற மேசை விளையாட்டு. அதில் கதையை நடத்தும் டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டராக) உட்காருகிற பலருக்கும் ஓர் ஆசை உண்டு. ஆட வந்தவர்களைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட வேண்டும். எதைச் செய்தாலும் யாருக்கோ கேடு, அதில் குறைந்த கேட்டை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் செய்கிற விதத்தில் ஆட்டம் கெட்டுவிடுகிறது.

கோவை, திருப்பூர்ப் பக்கம் ஆடுகிறவர்களுக்கு நொய்யலைவிட நல்ல உதாரணம் வேண்டாம். சாயக்கழிவு ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த கிணறுகளையும் தோட்டங்களையும் கெடுத்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அதை நம்பியிருந்தவர்களின் பிழைப்பு நின்றது. இதைக் கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோங்கள்: மேலே மந்திரச் சாயம் காய்ச்சும் ஊர், கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர். பட்டறையை மூடுவதா வேண்டாமா என்பது ஆட்டக்காரர்கள் கையில்.

இங்கே பட்டறை முதலாளியை அரக்கனாக்கினால் கதை முடிந்தது. வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு தரப்பையும் ஒரே அளவு கயவர்களாகக் காட்டுவதும் தவறுதான். அப்போது யாருக்கும் வருத்தம் இருக்காது. கீழூர்ப் பெரியவர் ஒருவர் குடத்தோடு வரட்டும்: "ஏனுங்க சாமி, இந்தத் தண்ணிய மாடே மோந்து பாத்துட்டுப் போயிருதுங்க. எம்பட பேத்திக்கு எதைக் குடுக்கட்டுங்க?" அன்று மாலையே மேலூரில், விரலெல்லாம் நீலம் ஏறிய ஒருத்தி கேட்கட்டும்: "பட்டறைய மூடிப்போட்டா கடன்காரனுக்கு நீங்க வந்து பதில் சொல்லுவீங்களாங்க?" இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வலிக்கும்.

"கழிவைத் தீ மந்திரத்தால் வற்ற வைக்கலாமே" என்று ஒருவர் சொன்னால், முடியாது என்று அடைத்துவிடாதீர்கள். வற்றினால் உப்பு மிஞ்சும். திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களிலும் மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது என்பதுதான் பெரிய தலைவலி. மூன்றாவது வழியைத் திறந்துவிட்டு, அதன் விலையைச் சொல்லுங்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது பாலடின், அதாவது சபதம் எடுத்த புனித வீரர் பாத்திரத்தின் விஷயம். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின்படி, பாலடின் அறிந்தே ஒரு தீச்செயல் செய்தால் அந்தத் தகுதி திரும்ப வராது. அந்த விதியை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனாலும் விழுகிற குழியை வெட்டுவது சில டிஎம்களுக்குப் பெரிய சாமர்த்தியம். 2014-இன் ஐந்தாம் பதிப்பு பாலடினை அவர் எடுத்த சபதத்தோடு கட்டுகிறதே தவிர, அலைன்மென்ட்டை, அதாவது பாத்திரம் நல்லவரா தீயவரா என்ற வகைப்பாட்டை, கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் பழைய கண்ணி மேசைகளில் தொடர்கிறது. "ஊரையே காப்பாற்றும் என்றாலும் சரி, ஒரு குழந்தையைப் பலி கொடுக்க மாட்டேன்" என்று ஒரு பாலடின் நின்றால், அவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. மாறாத கொள்கையோடு ஒருவர் இருப்பதால்தான் மற்றவர்கள் செய்கிற சமரசத்துக்குக் கனம் வருகிறது. மறுப்பதையும் ஒரு செயலாக ஏற்று, அதன் விளைவை நேர்மையாகக் காட்டுங்கள். சபதத்தை மீறுகிற நிலை வந்தால், பகடை உருட்டும் முன்பே எச்சரித்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் உலகில் நன்மை தீமை என்பது கடவுளர் விதித்ததா, மனிதர் வாதாடித் தீர்ப்பதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஐந்தாம் பதிப்பில் தீமையைக் கண்டறியும் மந்திரம் பேய்பிசாசுகளையும் வானவர்களையும் காட்டுமே தவிர, பட்டறை முதலாளியின் மனதைக் காட்டாது. இதை மறந்தால் ஒரே மந்திரத்தில் உங்கள் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

குறைந்த தீமையைத் தேர்ந்ததும் கைதட்டிவிட்டு அடுத்த குகைக்குப் போவதும் தவறு. சில செஷன் கழித்து அந்த நீல விரல்காரி வேறொரு ஊர்ச் சந்தையில் கூலி வேலை தேடி நிற்கட்டும். அவளோடு என்ன பேசுவது என்பதை ஆட்டக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்; நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.