ஜாவாவில் தரவுத்தளம்: ஹைபர்நேட்டா, ஜூக்கா, வெறும் ஜேடிபிசியா?

நண்பர் ஒருவரின் ஹார்டுவேர் கடைக்கு பில் போடும் செயலி எழுதிக் கொடுத்தேன். என் கணினியில் பத்து பில்லை வைத்துப் பார்த்தபோது பறந்தது. கடையில் இருநூறு பில் சேர்ந்ததும் பட்டியல் வர பத்து வினாடி. தரவுத்தளம் வேறு தொலைவில் ஒரு வாடகை சர்வரில் இருந்தது. அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஜாவா தெரியும், எஸ்க்யூஎல்லில் ஜாயின் வரை வரும், போஸ்ட்கிரெஸ் நிறுவியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் செயலியிலேயே கஷ்டமான வினவலை (க்வெரி) முதலில் தாளில் எழுதுங்கள். எனக்கு அது, 90 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல், ஆள் வாரியாக மொத்தத் தொகையோடு. ஒரு பதிவைச் சேமிப்பது எல்லா நூலகத்திலும் சுலபம். சாயம் வெளுப்பது இந்த மாதிரி வினவலில்தான்.

படி 2: அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஜாவாவிலிருந்து தரவுத்தளத்தோடு பேசும் அடிப்படை வழியான ஜேடிபிசி 1997 முதல் ஜாவாவோடு வருகிறது. மற்றவை எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. நான்கைந்து அட்டவணைதான் என்றால் அதுவே போதும். வினவலுக்கு விடையாக வரும் ரிசல்ட்செட்டைப் பிரித்துப் பிரித்துக் கை வலித்தால் ஜேடிபிஐ. எஸ்க்யூஎல்லைத் தனிக் கோப்பில் வைக்க விரும்பினால் மைபாடிஸ். ஜூக் உங்கள் அட்டவணைகளைப் படித்து ஜாவா வகுப்புகளை உருவாக்கித் தரும். நெடுவரிசைப் பெயரைத் தப்பாக அடித்தால் கம்பைல் ஆகாது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் என்றால் காசு கட்ட வேண்டும்; போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இலவசம்.

ஹைபர்நேட் 2001இல் வந்தது. ஜேபிஏ என்பது ஜாவா ஆப்ஜெக்டுகளை அட்டவணைகளில் சேமித்து எடுப்பதற்கான விதிமுறை, ஹைபர்நேட் அதன்படி வேலை செய்யும் நூலகம். இரண்டும் போட்டியாளர்கள் என்று நானே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படிவம் நிரப்பு, திருத்து, சேமி என்று போகும் திரைகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. என் செயலியில் இப்போது படிவங்களுக்கு ஹைபர்நேட், அறிக்கைகளுக்கு ஜூக். இரண்டும் சண்டையில்லாமல் ஓடுகின்றன.

படி 3: ஹைபர்நேட் என்றால், முதல் நாளே அது அனுப்பும் எஸ்க்யூஎல்லைக் கன்சோலில் அச்சிடச் சொல்லுங்கள். ஷோ எஸ்க்யூஎல் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் போதும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

படி 4: நான் விழுந்த இடம். அச்சிட வைத்ததும் 201 வினவல் கொட்டியது. பில்களுக்கு ஒன்று, அப்புறம் ஒவ்வொரு பில்லின் சரக்கு வரிகளுக்கும் தனித்தனியாக ஒன்று. சரக்கு வரிகள் லேசி (கேட்கும்போது மட்டும் கொண்டு வா) என்பதால்தான் இப்படி என்று நினைத்து ஈகர் என மாற்றினேன். மறுபடியும் 201! ஜேபிஏ வினவல் மொழியில் நாமே வினவல் எழுதும்போது, ஈகர் என்றால் உடனே கொண்டு வா என்றுதான் பொருள். ஜாயின் போட்டு ஒரே தடவையில் கொண்டு வா என்று பொருளில்லை. திரும்ப லேசிக்கே மாற்றிவிட்டு, வினவலில் ஜாயின் ஃபெட்ச் சேர்த்தேன். ஒரே வினவல்.

அதோடு விடவில்லை. பக்கத்துக்கு 20 பில் என்று பிரித்தபோது, ஹைபர்நேட் எல்லா பில்லையும் நினைவகத்துக்கு இழுத்துவந்து அங்கே 20ஐ வெட்டிக் கொடுத்தது. பதிவேட்டில் (லாக்) ஓர் எச்சரிக்கை வரும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பக்கம் பிரிக்கும் திரையில் ஜாயின் ஃபெட்சை எடுத்துவிட்டு, பேட்ச் சைஸை (ஒரே வினவலில் எத்தனை பில்லின் சரக்குகளைக் கொண்டு வரலாம் என்ற அமைப்பு) 20 என வையுங்கள். 20 பில்களுக்கும் சேர்த்து ஒன்று, அவற்றின் சரக்குகளுக்கு ஒன்று, ஆக இரண்டே வினவல்.

பின்சேர்க்கை: ஜாயின் ஃபெட்ச் போட்டால் ஒரே பில் நான்கைந்து முறை வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் இருந்தது ஹைபர்நேட் 5. அதில் செலக்டுக்குப் பக்கத்தில் டிஸ்டிங்ட் சேர்க்க வேண்டும், 6இல் தேவையில்லை. 6க்கு மாறும்போது, இம்போர்ட் வரிகளில் ஜாவாக்ஸ் பெர்சிஸ்டன்ஸ் என்று இருப்பதையெல்லாம் ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ் என்று மாற்றிவிடுங்கள்.