எம்பிஏ கல்லூரியின் 'சர்வதேச அங்கீகாரம்' உண்மையா என்று பார்ப்பது எப்படி

எம்பிஏ கல்லூரி விளம்பரப் புத்தகம் கைக்கு வந்தால் முதலில் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். லோகோக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஓட்டல் ஹால்களில் நடக்கிற கல்விக் கண்காட்சிகளில் கொடுக்கும் புத்தகம் என்றால் ஏழெட்டு லோகோவும், மேலே 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று பெரிய எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். தறிப் பட்டறையிலும் ஜவ்வரிசி ஆலையிலும் வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தை அந்த ஒரு வரியை நம்பிக் கட்டிவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போனால் டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்று கேட்காமல் நாம் வாங்குவதில்லை, அந்தக் கறார் இங்கேயும் வேண்டும். கேட்க வேண்டியது மூன்றுதான்: யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எதுவரை செல்லும்.

யார் கொடுத்தது என்பதில் தொடங்குவோம். பிசினஸ் ஸ்கூல்களுக்கு உலகம் முழுக்க மதிப்புள்ள அங்கீகாரம் என்றால் மூன்றைச் சொல்வார்கள். ஒன்று அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி, 1916இல் தொடங்கியது. இரண்டாவது ஈக்விஸ், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் இஎஃப்எம்டி தருவது. மூன்றாவது லண்டனின் ஆம்பா. மூன்றையும் வாங்கிய கல்லூரிக்கு 'டிரிபிள் கிரவுன்' என்று பேர். உலகத்தில் உள்ள பிசினஸ் ஸ்கூல்களில் நூற்றில் ஒன்றுதான் அந்த இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் கல்கத்தா ஐஐஎம், இந்தூர் ஐஐஎம், ஹைதராபாத் ஐஎஸ்பி என்று கொஞ்சம் பேர். ஏசிபிஎஸ்பி, ஐஏசிபிஇ என்று அமெரிக்காவிலேயே இன்னும் இரண்டு உண்டு. அவையும் உண்மையான அமைப்புகள்தான், ஆனால் முதல் மூன்றுக்கு இருக்கிற எடை அவற்றுக்கு இல்லை.

ஐஎஸ்ஓ 9001 லோகோவைப் பார்த்து மயங்காதீர்கள். நிர்வாக முறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான சான்று அது, ஒரு நட்டு போல்ட் பட்டறைகூட வாங்கலாம், பாடம் எப்படி நடக்கிறது என்று அது சொல்லாது. அதே மாதிரி க்யூஎஸ், என்ஐஆர்எஃப் எல்லாம் தரவரிசை. அங்கீகாரம் வேறு.

சரி, சரிபார்ப்பது எப்படி? கல்லூரி இணையதளத்தில் இருக்கும் லோகோவை அழுத்திப் பார்ப்பது போதாது. கூகுளில் அந்த அமைப்பின் பெயரைத் தேடி அதன் சொந்தத் தளத்துக்கே போங்கள். மூன்று அமைப்புகளும் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. நாட்டுக்கு 'இந்தியா' என்று கொடுத்துத் தேடுங்கள். கல்லூரி பெயர் வராவிட்டால் அங்கீகாரம் இல்லை, அவ்வளவுதான், 'இன்னும் அப்டேட் ஆகவில்லை' என்று கவுன்சிலர் சொன்னால் ஆனபிறகு வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

பெயர் வந்தாலும் ஒரு நிமிஷம் பொறுங்கள், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏஏசிஎஸ்பி, இஎஃப்எம்டி இரண்டிலுமே உறுப்பினர் ஆவது வேறு, அங்கீகாரம் பெறுவது வேறு. சந்தா கட்டி உறுப்பினர் ஆன கல்லூரியும் ஒரு லோகோவைப் போட்டுக்கொள்ளும், தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். லோகோவுக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 'மெம்பர்' என்று இருக்கிறதா, 'அக்ரெடிட்டட்' என்று இருக்கிறதா? 'எலிஜிபிள்', 'இன் பிராசஸ்' என்று இருந்தால் வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அது முடியச் சில வருஷம் ஆகலாம், முடியாமலும் போகலாம்.

அடுத்தது, எதற்குக் கொடுத்தது. ஏஏசிஎஸ்பியும் ஈக்விஸும் பிசினஸ் ஸ்கூல் முழுவதையும் பார்க்கும். ஆம்பா படிப்பைப் பார்க்கும். ஆம்பா கணக்கில் எம்பிஏ என்றால் சேருகிறவருக்குக் குறைந்தது 3 வருஷ வேலை அனுபவம் இருக்க வேண்டும். நம் ஊரில் பி.காம் முடித்த கையோடு சேருகிற எம்பிஏ அந்தக் கணக்கில் வராது, அதற்கு அவர்கள் வேறு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதனால் 'ஆம்பா அங்கீகாரம்' என்று சொன்னால், வேலையில் இருப்பவர்களுக்கான படிப்புக்கா, என் பிள்ளை சேரப்போகிற படிப்புக்கா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு என்பார்கள், அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இங்கே நடக்கும் வகுப்புக்குத் தானாக வந்து சேராது. ஆன்லைன் நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்லூரிகளோடு சேர்ந்து விற்கும் பட்டங்கள் செல்லாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது.

எதுவரை என்பது சுலபம், தேதியைப் பார்த்தால் போதும். ஈக்விஸ் 3 அல்லது 5 வருஷத்துக்குத் தருவார்கள். நம் நாட்டின் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக 3 அல்லது 6 வருஷத்துக்குத் தரும். பிள்ளை படித்து முடிக்கும் வருஷம் அந்தத் தேதிக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் உள்ளூர் ஒப்புதல் இருக்க வேண்டும். தனியார் கல்லூரி என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ, பல்கலைக்கழகம் என்றால் யுஜிசி. 2024-25லிருந்து பிபிஏவும் ஏஐசிடிஇ கீழே வந்துவிட்டது. பிஜிடிஎம் (முதுநிலை மேலாண்மை டிப்ளமோ) படிப்பு என்றால், எம்பிஏவுக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஏஐயு கொடுத்த கடிதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பிற்பாடு பிஎச்டிக்கோ அரசு வேலைக்கோ போனால் கேட்பார்கள்.

கல்லூரிகளை ஆய்வு செய்து மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் கிரேடை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. கிரேடைவிட, அதற்காகக் கல்லூரி எழுதிக் கொடுத்த சுய ஆய்வு அறிக்கை பயன்படும். பெரும்பாலும் கல்லூரி இணையதளத்திலேயே பிடிஎஃப் ஆக இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கம் வரும், முழுக்கப் படிக்கத் தேவையில்லை, ஆசிரியர் பட்டியலை மட்டும் எடுங்கள். மேலாண்மைத் துறையில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு பிஎச்டி, எப்போது சேர்ந்தார்கள் என்று பாருங்கள். அப்புறம் இணையதளத்தில் இன்றைக்கு இருக்கும் பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பாதிப் பேரைக் காணோம் என்றால், ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்த கல்லூரி இப்போது அங்கே இல்லை. ஏஏசிஎஸ்பியும் ஆசிரியர்களின் தகுதியை உன்னிப்பாகப் பார்க்கும், அதனால் இந்த ஒரு வேலையை நீங்களே செய்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

சர்வதேச அங்கீகாரம் எல்லோருக்கும் தேவையா என்றால், என் கருத்தில் இல்லை. படித்துவிட்டு ஏற்காட்டில் காபித் தோட்டத்தையோ அம்மாபேட்டையில் அப்பாவின் ஜவுளிக் கடையையோ பார்க்கப்போகிற பிள்ளைக்காக அதற்கென்று கூடுதலாகப் பத்து லட்சம் கொடுப்பது வீண். நல்ல ஆசிரியர்கள் இருக்கிற பக்கத்துக் கல்லூரியே போதும். ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க, அங்கேயே வேலை தேட, பிஎச்டி போக நினைக்கிறவர்களுக்கு அது நிஜமாகவே கதவைத் திறக்கும். ஐரோப்பாவில் வேலைக்கு எடுப்பவருக்கு உங்கள் கல்லூரி பேர் தெரியாவிட்டாலும் ஈக்விஸ் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

எல்லாம் பார்த்த பிறகு, அந்த மூன்று கேள்வியையும் அட்மிஷன் ஆபீசுக்கு மெயிலில் அனுப்புங்கள். போனில் சொல்லும் பதில் வேண்டாம். எழுத்தில் பதில் வரும்வரை அட்வான்ஸ் கட்டாதீர்கள். 'இன்று சாயங்காலத்துக்குள் கட்டினால்தான் சீட்' என்று அவசரப்படுத்துவார்கள், சீட்டைப் பிடித்துவைக்க ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கேட்பார்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரத்தான் வேண்டும், ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு அனுமதி கிடையாது என்று யுஜிசியே சொல்லியிருக்கிறது.