சோலார் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

பெட்ரோல், நிலக்கரி, கேஸ் இவற்றைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் சோலார் பேனலில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வரட்டும், முதலில் வீணாகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறுகிறது, அதிலும் கம்பி வழியே வரும்போது கொஞ்சம் போய்விடுகிறது, அதனால் வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அங்கே அதைப்போல மூன்று மடங்கு வெப்பத்துக்கான நிலக்கரியைக் காப்பாற்றும்.

எது அதிகம் இழுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஃப்ரிட்ஜ், ஏசி போல விட்டுவிட்டு ஓடுபவற்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது. இரவு படுக்கும்போதும் காலையில் எழுந்ததும் மீட்டர் ரீடிங்கைக் குறித்து வையுங்கள், எல்லோரும் தூங்கும்போதே எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும்.

60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தரும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட், பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய மோட்டார்) வகை 30 வாட்டை ஒட்டி. இதெல்லாம் சுலபம். பெரிய செலவு சூடாக்குவதிலும் குளிரவைப்பதிலும்தான், அங்கேதான் மெனக்கெட வேண்டும். வெயிலை ஜன்னல் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுங்கள், உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருக்கும். குளிர்ப் பிரதேசம் என்றால் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டு அப்புறம் ஹீட்டரைப் பற்றி யோசியுங்கள். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தருவதால் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் கிடைக்கும், சாதாரண ஹீட்டரில் அது ஒன்றுக்கு ஒன்றுதான். வெந்நீருக்கும் இதே கணக்குதான்.

சமையலுக்கு இண்டக்‌ஷன் நல்லது, ஏனென்றால் பாத்திரமே சூடாகிறது, கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் வெப்பம் பாத்திரத்தைச் சுற்றி வெளியே போகிறது. வண்டி மாற்றும் நேரம் வந்தால் மின்சார வண்டி வாங்குங்கள். அதைவிட பஸ்ஸும் ரயிலும் மேல்.

சரி, இப்போது சோலார். தேவை குறைந்துவிட்டதால் சின்ன அமைப்பே போதும். கூரையில் நாள் முழுக்க நிழல் எங்கெல்லாம் விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள், தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மீது நிழல் விழுந்தாலும் உற்பத்தி நன்றாகவே குறையும். இன்னொன்று, பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு, அதாவது ஊர் மின்சார லைனோடு இணைத்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பேனலின் மின்சாரம் லைனுக்குள் போய் அங்கே வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், பழுது இல்லை. வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் இரண்டையும் பேனல் அதிகம் உற்பத்தி செய்யும் நடுப்பகலுக்கு மாற்றிவிடுங்கள்.