மதுரைப் பக்கம் கார் ஓட்றவங்க என்ன கலர் எடுக்கலாம், எடுத்த கலரை எப்படிப் பாத்துக்கலாம்

புது கார் புக் பண்றப்ப மைலேஜ், சன்ரூஃப், டவுன் பேமெண்ட்னு எல்லாத்தையும் அலசுவோம், கலர் மட்டும் வீட்ல புள்ளைங்க கை காட்றதுதான். தப்பில்ல. ஆனா வாரா வாரம் துணியை எடுத்துட்டு நிக்கப்போறது நீங்கதானே, அதனால ஷோரூம் லைட்ல பாத்து மயங்காம, நீங்க ஓட்ற ரோடு, வண்டி நிக்கிற இடம், வீட்ல வர்ற தண்ணி மூணையும் வெச்சு முடிவு பண்ணுங்க.

மேலூர், ஒத்தக்கடை பக்கம் போய் வர்றவங்களுக்குப் புழுதி, திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, பேரையூர்னு போறவங்களுக்கு மழை பெஞ்சா கரிசல் சேறு. வெள்ளை கார்ல புழுதி அவ்வளவா தெரியாது, சேறுதான் டோருக்குக் கீழ அப்படியே அப்பிக்கிட்டு தெரியும். கருப்பு நேர்மாறு, காலைல கழுவிட்டு கிளம்பினா கோரிப்பாளையம் சிக்னல் தாண்டுறதுக்குள்ள பானெட்ல விரலால பேர் எழுதலாம். ரெண்டையும் ஓரளவு மறைக்கிறது சில்வரும் கிரேயும்தான், என்னைக் கேட்டா நம்ம ஊருக்கு கிரே.

அடுத்து வெயில். அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல 2011-ல ஒரே மாடல் கார் ரெண்டை, ஒண்ணு கருப்பு ஒண்ணு சில்வர், வெயில்ல நிப்பாட்டி அளந்து பாத்தாங்க, சில்வர் காரோட உள்ள 5, 6 டிகிரி செல்சியஸ் சூடு கம்மி. கத்திரி வெயில்ல மாட்டுத்தாவணில வண்டியைப் போட்டுட்டு சாயந்திரம் வந்து கதவைத் திறக்கிறவங்களுக்கு அந்த வித்தியாசம் என்னன்னு சொல்லவே வேண்டாம். வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்தடில போட்டா காக்கா எச்சம். டார்க் கலர் தகரம் அதிகமா சூடாகுறதால எச்சம் சீக்கிரமே பெயிண்டைத் தின்னு தடம் விட்ரும், சுரண்டாதீங்க, ஈரத்துணியைப் போட்டு ரெண்டு நிமிஷம் ஊற வெச்சு அப்படியே ஒத்தி எடுங்க.

இப்ப கீறல் விஷயம், இதுலதான் பாதிப் பேர் ஏமாறுறது. நாம தொடுறது கலரை இல்ல, அதுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்ங்கிற நிறமில்லாத பூச்சை, அது சுமாரா 40, 50 மைக்ரான்தான், தலைமுடி கனம் கூட வராது. காய்ஞ்ச புழுதி மேல வெறும் மஞ்சத் துணியைப் போட்டு பரபரன்னு தேய்க்கிறப்ப மண்ணைத்தான் தேய்க்கிறோம். எல்லா கலர்லயும் கீறல் விழும், கருப்புல மட்டும் பல் இளிக்கும், ராத்திரி பெட்ரோல் பங்க் லைட்டுக்கு அடியில நின்னு பாருங்க, பல்பைச் சுத்தி வட்ட வட்டமா சிலந்தி வலை மாதிரி தெரியும். வெள்ளைல அதே கீறல் கண்ணுக்கே தெரியாது. அதனால எந்த கலரா இருந்தாலும் முதல்ல தண்ணியை அடிச்சு மண்ணை இறக்கிட்டு, அப்புறம் கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி, ரெண்டு பக்கெட், ஒண்ணு ஷாம்பூவுக்கு ஒண்ணு துணி அலச. மேல டாப்ல ஆரம்பிச்சு கடைசியா அடிப்பக்கம் வாங்க. பாத்திரம் விளக்குற லிக்விட் வேண்டாம், மேல போட்ட வாக்ஸ் எல்லாம் போயிரும்.

போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியான்னா இன்னும் ஜாக்கிரதை, வெயில்ல கழுவி அப்படியே காய விட்டா வெள்ளை வெள்ளையா புள்ளி நிக்கும், கருப்பு, கருநீலம், மெரூன்லதான் அது பளிச்சுன்னு தெரியும். காலைலயோ பொழுது சாஞ்சோ கழுவி, ஈரம் காயுறதுக்கு முன்னாடி துடைச்சிருங்க. நின்ன புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில தொட்டு லேசா வெச்சு எடுத்து நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. செராமிக் கோட்டிங் போட்டா உப்புப் புள்ளியே விழாதுன்னு கடைல சொல்வாங்க, நம்பாதீங்க, கழுவுறது லேசாகும், அம்புட்டுதான்.

வெள்ளைக்காரங்க, அதாவது வெள்ளை கார்காரங்க, ஆயுத பூஜைக்கு உஷாரா இருக்கணும். சந்தனமும் குங்குமமும் பானெட்ல வெச்சு நாலு நாள் அழகு பாத்தோம்னா காய்ஞ்சு பொறுக்கு தட்டிரும், நகத்தால பேத்தா கீறல், குங்குமச் சாயம் லோகோ இடுக்குல இறங்கி நின்னுக்கும். சாமி கும்பிட்டு மறுநாளே ஈரத்துணியால எடுத்துருங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. சிவப்பு எடுக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை, வருஷக்கணக்கா வெயில்ல நின்னா மத்த கலரை விட வெளிறுறது தெரியும், ஷெட் இருந்தா தாராளமா எடுங்க.

பட்டறைச் செலவையும் கணக்குல வைங்க. சாதா வெள்ளைல ஒரு டோருக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா கலர் சுலபமா ஒத்துப்போகும். மெட்டாலிக்ல அலுமினியத் துகள் படியுற விதத்துக்கு ஏத்த மாதிரி ஷேடு மாறும், சில்வர்ல இது ரொம்பப் படுத்தும், பக்கத்து பேனலுக்கும் சேத்து இழுத்து அடிச்சாத்தான் தெரியாது. முத்து மாதிரி மினுங்குற பேர்ல் வெள்ளைன்னா நடுவுல ஒரு கோட் கூடுதல், அதனால காசும் கூடுதல். எந்த கலரா இருந்தாலும் டோர் பில்லர்லயோ பானெட்டுக்கு உள்ளயோ பெயிண்ட்டோட கோட் நம்பர் (code) போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், எழுத்து அழியுறதுக்குள்ள போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, சின்னக் கீறலை மறைக்கிற டச்-அப் பெயிண்ட் வாங்க கடைக்குப் போனா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.