குறிஞ்சி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

கொடைக்கானல் மலைச்சரிவுகளில் 2006-லும் 2018-லும் நீலக்குறிஞ்சி கூட்டமாகப் பூத்தது, அடுத்து 2030. ஜூலை முதல் அக்டோபருக்குள் போகத் திட்டமிடுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம்: ஒரு சரிவில் இருக்கும் செடிகள் பெரும்பாலும் ஒரே வயதுடையவை. பூத்து, விதைத்ததும் மொத்தமாகச் செத்துப்போகும். அப்புறம் பார்த்தால் வெறும் காய்ந்த குச்சிகள்தான். தயவுசெய்து அதை ஒடிக்கவோ கொளுத்தவோ வேண்டாம். காய் முற்றி வெடித்து, விதை அங்கேயே விழுந்து, மழையில் முளைக்க வேண்டும். பூவைப் பறித்தால் அந்த விதையும் போச்சு; அடுத்த தலைமுறைக்கு அதுதானே முதல்!

இடையில் யாராவது “குறிஞ்சி பூத்திருக்கு” என்றால் பொய் என்று நினைக்காதீர்கள். இந்த இனத்தில் பல வகை உண்டு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பதில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. போகுமுன் எந்த வகை, எந்தச் சரிவு என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள்.