ஜெர்மன் உச்சரிப்பு: தமிழ் நாக்கு தடுமாறும் இடங்கள்

புதுச்சேரியில் ‘துய்மா வீதி’ என்று எழுதுகிறோமே, அந்தத் ‘துய்’ காரணத்தோடு வந்தது. பிரெஞ்சில் அது ‘து’வும் இல்லை, ‘தி’யும் இல்லை. நமக்கு எழுத்தில்லாததால் ‘ய்’ சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனில் ‘யூ’ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் வருவதும் இதே உயிரொலிதான்.

‘ஈ’ என்று இழுத்துச் சொல்லுங்கள். நிறுத்தாமல், உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிப்பதுபோல் குவியுங்கள். உதட்டோடு நாக்கும் பின்னால் ஓடப் பார்க்கும். ஓடினால் வெறும் ‘ஊ’ வந்துவிடும். நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்கட்டும். ‘ஓ’வின் மேல் புள்ளி வந்தாலும் வழி இதேதான்: நாக்கு ‘ஏ’வில், உதடு ‘ஓ’வில். புள்ளியில்லாத ‘ஷோன்’ என்றால் ‘ஏற்கெனவே’. புள்ளியோடு சொன்னால் ‘அழகான’.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் வல்லினத்தில் இருக்கிறது. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தமிழில் தானாகவே மென்மையாகிவிடும். ‘காகம்’ என்பதன் முதல் எழுத்தையும் ‘தங்கை’யின் ‘கை’யையும் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதில் விழும். இந்தப் பழக்கத்தில் ‘நன்றி’ என்பதற்கான ‘டங்கெ’யைத் ‘தங்கை’ மாதிரியே சொல்லிவிடுகிறோம். ஜெர்மனில் அங்கே ‘காகம்’ ககரம்தான் வேண்டும். பேரனைக் குறிக்கும் சொல்லையும் தேவதூதரைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘எங்கெல்’ என்றே எழுதத் தோன்றும். பேரனில் கடினமான ககரம் உண்டு. தேவதூதரில் ககரமே கிடையாது, வெறும் ‘ங்’ மட்டும். பேரனுக்கு ‘எங்’ என்று நிறுத்தி, ‘கெல்’ என்பதைப் புதுச் சொல்போலத் தொடங்குங்கள். பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இதனால்தான் நோட்டில் ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதிப் படிக்க வேண்டாம் என்கிறோம். எழுத்தைப் பார்த்ததும் நாக்கு பழைய வழிக்கே போய்விடும்.

சொல்லின் கடைசியிலும் கவனம் வேண்டும். ‘நல்ல’ என்பதற்கான ‘கூட்’ நம் வாயில் ‘கூட்டு’ ஆகிவிடும். கடைசி மெய்யோடு மூச்சை நிறுத்துங்கள், ‘உ’ சேர்க்காதீர்கள். நாக்கையும் மடிக்கக் கூடாது. ‘நான்’ என்பதில் கடைசி ‘ன்’ தொடும் இடமே ஜெர்மன் ‘டி’க்கும் இடம்.

குறில் நெடில் நமக்குப் பிறவிச் சொத்து. ‘ஷ்டட்’ நகரம், ‘ஷ்டாட்’ அரசு. ஆனால் மெய்யெழுத்து இரட்டித்து எழுதியிருந்தால் ‘அம்மா’ போல அழுத்தாதீர்கள். முன்னுள்ள உயிர் குறில் என்பதற்கே அந்த இரட்டை.

‘சி-ஹெச்’ சேர்ந்து வந்தால், ‘ஆ, ஓ, ஊ’ ஒலிகளுக்குப் பின் ‘க்’ இடத்தில் நாக்கை ஒட்டாமல் மூச்சை உரசவிடுங்கள். ‘இ, எ’ போன்றவற்றுக்குப் பின் நாக்கை ‘யீ’க்கு வைத்து, குரலில்லாமல் காற்றை மட்டும் விடுங்கள். ‘இஷ்’ என்று சொன்னால் தவறு.

‘டபிள்யூ’வுக்கு ‘வ’ ஒலி, ‘வீ’க்குப் பெரும்பாலும் ‘ஃப’, ‘இஸட்’டுக்கு ‘ட்ஸ’. இவை ஒரே நாளில் பழகிவிடும்.

ஜெர்மனில் தொண்டையிலிருந்து வரும் ‘ர’வுக்கு அவசரப்பட்டுத் தொண்டையைப் புண்ணாக்க வேண்டாம். தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் நம்மைப்போல நாக்கு நுனியால் உருட்டுகிறவர்கள் உண்டு. சொல்லின் கடைசியில் வரும் ‘எர்’ மட்டும் உருளவே கூடாது: அப்பாவைக் குறிக்கும் ‘ஃபாட்டர்’, காதுக்கு ‘ஃபாட்ட’ என்றே கேட்க வேண்டும்.