கோபுரம் இல்லாத ஓடுபாதையில் சர்க்கிட்டும் புறப்பாடும்: புதிதாகப் பழகுவோருக்கு

வவுனியா, இரணைமடு, முல்லைத்தீவு ஓடுபாதைகள் விமானப்படையிடம் இருக்கின்றன. நினைத்தபடி போய் இறங்கிப் பழகும் இடங்கள் அல்ல. வன்னியிலிருந்து பறக்கப் படிக்கப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் இரத்மலானையில்தான் தொடங்குவார்கள். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒவ்வொரு அசைவுக்கும் அனுமதி சொல்லும். பறப்பு மணித்தியாலம் சேர்க்க அவுஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போனால், கோபுரமே இல்லாத சிறு திடல்கள்தான் அதிகம். "இறங்கலாம்" என்று சொல்ல அங்கே ஆளில்லை. மற்ற விமானி உங்களை எங்கே, எந்த உயரத்தில் தேடுவாரோ அங்கே நீங்கள் இருக்கவேண்டும். இங்கே எழுதியிருக்கும் முறை முழுவதும் அதற்காகத்தான். சர்க்கிட் என்பது ஓடுபாதையை ஒட்டிச் சுற்றிவரும் நீள்சதுரப் பாதை.

விளக்கத்துக்காகக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கற்பனைத் திடல் வைத்துக்கொள்வோம். ஓடுபாதை 05/23 (ஒரு பக்கமாக ஓடினால் திசைகாட்டியில் 050 பாகை, மறுபக்கமாக ஓடினால் 230), கடல்மட்டத்திலிருந்து 150 அடி, இடப்பக்கச் சர்க்கிட், விமானம் செஸ்னா 152.

1. காற்றைப் பாருங்கள்

எங்கள் ஆட்களுக்கு இது பாதி தெரிந்த பாடம். சோழகம் (தென்மேற்குக் காற்று) என்றால் 23, வாடை (வடகிழக்குக் காற்று) என்றால் 05. ஆனால் பருவத்தை நம்பி ஓடுபாதையைத் தெரிவு செய்யக்கூடாது. அந்த நேரத்துக் காற்றைப் பார்க்கவேண்டும். காற்றுப்பை இல்லாவிட்டால் வைக்கல் எரியும் புகை காட்டிக்கொடுக்கும். குளம் இன்னும் நல்லது: காற்று வரும் பக்கக் கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும், எதிர்க்கரையை நோக்கி அலை கூடிக்கொண்டே போகும். பக்கக்காற்று 12 நொட்டை (மணிக்கு 12 கடல்மைல்) தாண்டினால் பழகுநர் அன்று நிலத்திலேயே இருப்பது நல்லது. 152இன் கைநூலில் செய்துகாட்டியதாகப் பதிந்திருக்கும் அளவே அவ்வளவுதான்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். 35 பாகையில் இந்த 150 அடித் திடலில் காற்றின் அடர்த்தி சுமார் 2500 அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். இரண்டு பேரும் முழு எரிபொருளுமாக நண்பகலில் கிளம்பும் முன் கைநூல் அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

2. உயரமானியைச் சரிசெய்யுங்கள்

சர்க்கிட் உயரம் வழமையாக நிலத்திலிருந்து 1000 அடி. உயரமானி கடல்மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்டிருந்தால் அது 1150 காட்டவேண்டும். முள் 1000இல் நின்றால் போதும் என்று பறப்பவர் மற்றவர்களை விட 150 அடி கீழே இருப்பார். மேலே இருப்பவருக்கு அவர் தன் விமானத்தின் மூக்குக்குக் கீழே மறைந்துபோவார்.

3. ஓடுபாதைக்குள் நுழையுமுன்

விமானத்தைச் சற்றுத் திருப்பி நிறுத்தி, பேஸ் (இறங்குமுன் ஓடுபாதைக்குக் குறுக்கே வரும் பகுதி), ஃபைனல் (ஓடுபாதைக்கு நேரே இறங்கிவரும் கடைசிப் பகுதி) இரண்டையும் பாருங்கள். எதிர் முனையையும் பாருங்கள். றேடியோ இல்லாத ஒருவர் 05இல் இறங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு அழைப்பு: "கிளிநொச்சி டிராஃபிக், செஸ்னா அல்ஃபா பிராவோ, லைனிங் அப் றன்வே டூ த்ரீ, டிபார்ட்டிங் டு மன்னார், கிளிநொச்சி." ஊர்ப்பெயர் இரண்டு முறை வருவது வீண் அல்ல. ஒரே அலைவரிசையைப் பல திடல்கள் பகிர்வதால், முதற்சொல் தவறியவருக்கு கடைசிச்சொல் உதவும். பதில் வரவில்லை என்பதற்காக வானம் காலி என்று எண்ணிவிடாதீர்கள்.

4. சர்க்கிட்

50 நொட்டில் மூக்கைத் தூக்கி, 67இல் ஏறுங்கள். 500 அடி வரை நேரே. அதற்குள் இயந்திரம் நின்றால் முன்னால் தெரிவதில், இருபக்கமும் 30 பாகைக்குள், நல்ல வயலாகப் பார்த்து இறங்கவேண்டும். திரும்பி ஓடுபாதைக்கு வர முயல்வதுதான் ஆளைக் கொல்வது.

பிறகு எல்லாம் இடப்பக்கத் திருப்பம்: 230இலிருந்து கிராஸ்விண்ட் (ஓடுபாதையை விட்டுக் குறுக்கே விலகும் பகுதி) 140, டவுன்விண்ட் (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் பகுதி) 050, பேஸ் 320, மீண்டும் ஃபைனல் 230. இதை வீட்டு முற்றத்திலேயே மனப்பாடம் செய்யலாம். ஓடுபாதையாகச் சாம்பலால் பத்து அடி நீளக் கோடு ஒன்று போடுங்கள். கைபேசித் திசைகாட்டியைப் பிடித்தபடி நடந்து, ஒவ்வொரு மூலையிலும் அழைப்பை வாய்விட்டுச் சொல்லுங்கள். தம்பியையோ தங்கச்சியையோ எதிர்மூலையிலிருந்து நடக்கவிட்டால், அவரைப் பார்த்துக்கொண்டே பேசுவது எவ்வளவு கடினம் என்று விளங்கும்.

டவுன்விண்டில், இறங்கப்போகும் ஓடுபாதை முனைக்குப் பக்கவாட்டில் நேரே வந்ததும் கார்ப் ஹீற்றை (கார்பரேற்றருக்குள் சூடான காற்றை விடும் பிடி) போட்டு, பிறகு வேகவிசையை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் குறையுங்கள். மாரிகால ஈரக்காற்றில், வெயில் ஊரென்றாலும், குறைந்த விசையில் கார்பரேற்றருக்குள் பனி பிடிக்கும். வேகம் 85க்குக் கீழே வந்த பிறகே ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை). முனை உங்கள் தோளுக்குப் பின்னால் 45 பாகையில் தெரியும்போது பேஸ் திரும்புங்கள். 15 நொட் சோழகம் டவுன்விண்டில் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், ஃபைனலில் இழுத்துப் பிடிக்கும். அப்படியான நாளில் கொஞ்சம் முந்தித் திரும்பாவிட்டால், தாழ்வாக, விசை கொடுத்துக்கொண்டே நீண்ட தூரம் ஊர்ந்து வரவேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான இடம் பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்புவது. தெற்குப் பக்கமிருந்து சாய்ந்து வீசும் காற்று இந்தச் சர்க்கிட்டின் பேஸில் முதுகுக்காற்றாகிவிடும், நடுக்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அப்போது கை தானாகச் சாய்வைக் கூட்டும், கால் ரடரை (வாலில் உள்ள திசைதிருப்பி) அழுத்தும். 45 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்) கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடும். ரடரும் அழுத்தியிருந்தால் ஒரு இறக்கை முதலில் விழும், மீட்க உயரம் இருக்காது. 20 பாகைக்கு மேல் சாய்க்கவேண்டி வந்தால் விட்டுவிட்டு மேலே போங்கள்.

மேலே போவது இப்படி: முழு விசை, கார்ப் ஹீற் நிறுத்தம், ஃப்ளாப் 30இலிருந்து உடனே 20, வேகம் 55, ஏறத் தொடங்கிய பிறகு மீதி ஃப்ளாப் மெதுவாக. ஓடுபாதையில் மாடோ மயிலோ நின்றாலும் இதே முறைதான். மயில் கடைசி நொடியில் எழும்பும். அது விலகும் என்று காத்திருக்காதீர்கள்.

5. விட்டுப் புறப்படுதல்

முதலில் அந்தத் திடலுக்கென வெளியிட்ட விதியைப் படியுங்கள்; அது பொதுமுறையை வெல்லும். 23இலிருந்து மன்னார் கிட்டத்தட்ட நேர்முன்னே என்பதால் நேரே ஏறிப் போகலாம். முல்லைத்தீவு இடப்பக்கம்: அமெரிக்க முறையில் சர்க்கிட் உயரத்துக்கு வந்தபின் 45 பாகை இடப்பக்கம் திரும்பி விலகலாம். யாழ்ப்பாணம்தான் சிக்கல், அது வலப்பக்கம். சர்க்கிட்டுக்கு எதிராக உடனே திரும்பினால் யாரும் எதிர்பாராத இடத்தில் குறுக்கே வருவீர்கள். அவுஸ்திரேலிய வழக்கப்படி ஓடுபாதையின் புறப்பாட்டுப் பக்க முனையிலிருந்து 3 கடல்மைல் தாண்டி, முரண்படும் விமானம் இல்லை என்று பார்த்த பிறகே வலப்பக்கம் திரும்புங்கள். அலைவரிசையை உடனே மாற்றாதீர்கள். 10 மைல் வரை கேட்டுக்கொண்டிருங்கள், உள்ளே வருபவர் முதல் அழைப்பைச் சொல்வது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான்.